பாறைக்குட்டை பார்க்கப் போகும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

என் அம்மாவின் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், முட்டத்துக்குப் பக்கம். விடுமுறை விட்டால் பிள்ளைகளோடு அங்கே போய்விடுவோம். மணலில் விளையாடுவதைவிடப் பாறைகளுக்கு நடுவே தேங்கியிருக்கும் தண்ணீரைப் பார்ப்பதில்தான் எங்கள் பொழுது போகும். அங்கே எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு உறவினர்களும், பிள்ளைகளின் நண்பர்களைப் பெற்றவர்களும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

பாறைக்குட்டைன்னா என்ன? கடல்ல எப்படிக் குட்டை வரும்?

கடல் ஏறும்போது கரையோரப் பாறைகள் மூழ்கிவிடும். இறங்கும்போது பாறையின் குழிகளிலும் பிளவுகளிலும் தண்ணீர் தங்கிவிடும். அடுத்த ஏற்றம் வரும்வரை அது தனிக் குட்டை. அதற்குள் நண்டு, நத்தை, மீன், பாசி எல்லாம் இருக்கும். சில குட்டைகள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். சிலவற்றில் குழந்தை இடுப்பளவு மூழ்கும்.

இதற்குத் தமிழில் எல்லோரும் சொல்லும் ஒரே சொல் என்று எதுவும் எனக்குப் படவில்லை. எங்கள் வீட்டில் பாறைக்குட்டை என்போம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

நம்ம கடலோரம் முழுக்க மணல்தானே? எங்க போய்ப் பார்க்குறது?

பெரும்பாலும் மணல்தான். ஆனால் முட்டம், கன்னியாகுமரி, மணப்பாடு, திருச்செந்தூர் பக்கமெல்லாம் பாறை உண்டு. ராமேசுவரம் தீவில் ஓலைக்குடா பக்கம் பழைய பவளப்பாறைத் திட்டுகள் இருக்கின்றன. சென்னைக்காரர்களுக்குக் கிட்டே என்றால் மாமல்லபுரம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் சுமார் ஒரு மீட்டர்தான், மன்னார் வளைகுடாவில் அதைவிடக் குறைவு. குஜராத்தின் கட்ச் வளைகுடாவில் பல மீட்டர் இறங்கும். ஜாம்நகருக்குப் பக்கத்தில் நராரா என்ற இடத்தில் கடல் வற்றியதும் பவளத்திட்டின் மேலேயே நீண்ட தூரம் நடக்கலாம். அங்கே எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் ஏமாற்றமாக இருக்கும். இங்கே ஒரு குறுகிய பாறை விளிம்புதான் கிடைக்கும், பார்ப்பதற்கு அது போதும்.

முட்டத்தில் எல்லாப் பாறையும் ஏறுவதற்கு இல்லை. நேரே ஆழத்தில் இறங்கும் உயரமான பாறைகளை விட்டுவிடுங்கள். மணலோடு சேர்ந்து தாழ்வாகக் கிடக்கும் பாறைகளில்தான் நல்ல குட்டைகளும் இருக்கும்.

எந்த நாள், எந்த நேரம் போகணும்?

அமாவாசையும் பௌர்ணமியும், அவற்றை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களும்தான் நல்லது. அப்போது சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடல் அதிகம் ஏறி அதிகம் இறங்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் இறக்கமும் மந்தமாக இருக்கும், பாறை அதிகம் வெளியே வராது. வீட்டில் தொங்கும் நாட்காட்டியே இதற்குப் போதும்.

நேரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு இறக்கத்துக்கும் அடுத்த இறக்கத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது இன்று காலை 6 மணிக்குக் கடல் இறங்கியிருந்தால், நாளை 6.50 வாக்கில் இறங்கும். ஒரு ஊரில் அமாவாசையன்று எத்தனை மணிக்கு இறங்குகிறதோ, அடுத்த அமாவாசைக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான். அதனால் உள்ளூர் மீனவர் ஒருவரிடம் ஒரு முறை கேட்டுக் குறித்துக்கொண்டால் வருடம் முழுக்க உதவும். இந்திய நில அளவைத் துறை ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியல், வெளியிடுகிறது, கைபேசிச் செயலிகளிலும் பார்க்கலாம். எதில் பார்த்தாலும் நேரத்தை மீனவரிடம் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மிகத் தாழ்ந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். தண்ணீர் திரும்ப ஆரம்பித்ததும் கிளம்பிவிடுங்கள்.

கடல் உள்வாங்கிடுச்சுன்னு நியூஸ்ல போடுறாங்களே, அப்பப் போனா ஆபத்தில்லையா? சுனாமி வராதா?

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நம் ஆட்களுக்கு இந்தப் பயம் வந்தது நியாயம்தான். திருச்செந்தூரிலும் கன்னியாகுமரியிலும் அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் கடல் உள்வாங்கியதாகவும், பாசி படிந்த பாறைகள் தெரிந்ததாகவும் செய்தி வரும். பெரும்பாலும் அது மேலே சொன்ன வழக்கமான இறக்கம்தான். மெதுவாக, மணிக்கணக்கில் நடக்கும்.

சுனாமிக்கு முன்னால் உள்வாங்குவது வேறு. சில நிமிடங்களில், நேரக்கணக்குக்குப் பொருந்தாமல், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடல் விலகும். அப்படி ஒன்றைப் பார்த்தால், அல்லது கடலோரத்தில் நிற்கும்போது நிலம் நன்றாக அதிர்ந்தால், பையை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள். எல்லா சுனாமிக்கும் கடல் முதலில் உள்வாங்கும் என்றும் இல்லை. இறங்கும் நேரத்தை முன்பே தெரிந்துகொண்டு போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நேரம் தெரிந்தவருக்குத்தான் எது வழக்கம், எது வழக்கமில்லை என்று தெரியும்.

எங்களுக்கு மே லீவுதான் தோது. அப்ப வரலாமா?

வரலாம், ஆனால் மற்ற மாதங்களைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். எனக்குப் பிடித்தது ஜனவரி முதல் மார்ச் வரை. கடல் அடங்கியிருக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை குமரியின் மேற்குக் கரையில் அலை பெரிதாக அடிக்கும், பாறைப் பக்கமே போக வேண்டாம். கிழக்குக் கரையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் சரிப்படாது.

ஏப்ரல், மே மாதங்களில் வருவது கள்ளக்கடல். எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கோடியில் எழும் புயலால் கிளம்பும் அலை பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து இங்கே வந்து ஏறும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. கள்ளன் மாதிரி வருவதால் மீனவர்கள் வைத்த பெயர் அது. 2012-இல் யுனெஸ்கோவும் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதம் குமரி மாவட்டம் கணபதிபுரத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படியொரு எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கிளம்பும் அன்று காலை அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குப் பாறைப் பயணம் கிடையாது. பிள்ளைகள் அழுதாலும் கிடையாது.

எச்சரிக்கை இல்லாத நாளிலும், பாறையில் கால் வைப்பதற்கு முன் கால் மணி நேரம் நின்று அலையைப் பாருங்கள். பத்து அலை சின்னதாக வந்துவிட்டுப் பதினொன்றாவது பெரிதாக வருவதுண்டு. அந்தப் பெரிய அலை எதுவரை நனைக்கிறதோ, அதற்குக் கரைப்பக்கம்தான் உங்கள் இடம்.

போனோம், பார்த்தோம். வெறும் தண்ணிதான் இருந்துச்சு. ஒண்ணுமே தெரியலையே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு மிகவும் ஆசை. ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு அடுத்த குட்டைக்குப் போனால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. உங்கள் நிழல் தண்ணீரில் விழுந்ததுமே நண்டு இடுக்குக்குள் போய்விடும், மீன் கல்லடியில் பதுங்கும், நத்தை அசையாமல் கிடக்கும். நீங்கள் பார்ப்பது எல்லாரும் ஒளிந்துகொண்ட வீட்டை.

ஒரே ஒரு குட்டையைத் தேர்ந்தெடுங்கள். நிழல் பின்னால் விழுகிற மாதிரி உட்காருங்கள், குந்தினால் கால் வலிக்கும், நன்றாக உட்காருங்கள். பேசாமல், அசையாமல் பத்து நிமிடம். முதலில் ஏதோ ஒரு சின்னச் சங்கு நகரும். நத்தை இவ்வளவு வேகமாகப் போகாதே என்று பார்த்தால் கீழே நண்டுக் கால்கள் தெரியும். அப்புறம் கண்ணாடி மாதிரி ஒரு இறால் தெரியும், அது ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்திருக்கும். பாறையின் நிறமாகவே இருந்த ஒரு மீன் தலையைத் திருப்பும். என் இளைய மகளுக்கு ஐந்து வயதில் வீட்டில் ஒரு இடத்தில் மூன்று நிமிடம் உட்கார முடியாது. குட்டை ஓரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகத் தெரியத் தெரிய எழுந்துவரவே மனம் வராது.

என்னென்ன இருக்கும்? பேர் சொன்னா பிள்ளைங்களுக்குச் சொல்லலாம்.

பாறையின் மேல் பகுதியில் வெள்ளையாக, சின்ன எரிமலை மாதிரி ஒட்டிக்கிடப்பது கொட்டலசு. படகின் அடியிலும் ஒட்டும். சிப்பி என்று நினைப்பார்கள், ஆனால் அது நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, இறகு போன்ற கால்களை வெளியே நீட்டி உணவைத் துழாவி உள்ளே இழுக்கும். தண்ணீருக்குள் இருக்கும் கொட்டலசைக் கவனித்தால் அந்தக் கால்கள் வெளியே வந்து வந்து போவது தெரியும். டார்வின் இந்த ஒரு வகை உயிரை ஆராய்வதிலேயே எட்டு வருடம் செலவிட்டார்.

கூம்பு மூடி மாதிரி பாறையில் கவிழ்ந்திருக்கும் ஒரு நத்தை உண்டு. கடல் ஏறியதும் நகர்ந்துபோய்ப் பாசியைச் சுரண்டித் தின்றுவிட்டு, இறங்குவதற்குள் தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் வகைகள் அதில் இருக்கின்றன. அந்த இடத்துப் பாறையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப அதன் ஓட்டின் விளிம்பே பொருந்தியிருக்கும்.

குட்டைக்குள்ளே பூ மாதிரி விரிந்திருப்பது கடல் சாமந்தி. பூவல்ல, இரை பிடிக்கும் விலங்கு. தண்ணீர் வடிந்த இடத்தில் சுருங்கி ஒரு உருண்டை ஜெல்லியாக ஒட்டிக்கிடக்கும். காலிச் சங்கைச் சுமந்து திரிவது துறவி நண்டு. வளர வளரப் பெரிய சங்கு தேடி மாறும். இடுக்குகளில் கறுப்பு முள் பந்தாக இருப்பது கடல் முள்ளெலி. இவை தவிர உளுவை மீன், சின்ன இறால், நட்சத்திர மீன், அதிர்ஷ்டம் இருந்தால் பேய்க்கணவாய் என்று மீனவர்கள் சொல்லும் எட்டுக்கால் கணவாய்.

என்ன எடுத்துட்டுப் போகணும்?

பின்பக்கம் வார் உள்ள, வழுக்காத செருப்பு அல்லது பழைய ஷூ. ஹவாய் செருப்பு வேண்டாம், பாசியில் நிச்சயம் வழுக்கும். வெறுங்கால் அதைவிட மோசம், கொட்டலசு கத்தி மாதிரி கிழிக்கும். தொப்பி, தண்ணீர், ஒரு சின்ன முதலுதவிப் பை. வலையும் வாளியும் வேண்டாம். அவை கையில் இருந்தால் பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள், பிடிக்கத்தான் பார்ப்பார்கள்.

எத்தனை வயசுக் குழந்தையைக் கூட்டிட்டுப் போகலாம்?

சொன்னால் அந்த இடத்திலேயே நிற்கும் வயது. சில பிள்ளைக்கு அது நான்கு, சில பிள்ளைக்கு எட்டு. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஈரப் பாறையில் நடக்கவே கூடாது. விழுந்தால் இரண்டு பேருக்கும் அடி. சின்னவர்கள் இரண்டு பேருக்கு ஒரு பெரியவர், அது போக ஒரு பெரியவர் குட்டையைப் பார்க்காமல் கடலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாங்கள் முறை மாற்றிக்கொள்வோம்.

தொட்டுப் பார்க்கலாமா?

எங்கள் வீட்டுப் பழக்கம், கண்ணால் மட்டும். நத்தையையும் துறவி நண்டையும் ஈரக் கையின் ஒரு விரலால் மெல்லத் தொட்டால் பெரிய கேடு இல்லை. ஆனால் எது தொடத் தகுந்தது, எது தகாதது என்று பிரிக்க உங்களுக்கே தெரியாத இடத்தில், பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஆபத்தானவை பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கையில் சன்ஸ்கிரீன், கொசு மருந்து தடவியிருந்தால் குட்டைக்குள் கை விடவே வேண்டாம். அவ்வளவு குறைந்த தண்ணீரில் அது விஷம்தான்.

ஒட்டியிருக்கும் எதையும் பிய்க்காதீர்கள். கூம்பு மூடி மாதிரி இருக்கும் அந்த நத்தையைப் பிய்த்துப் பக்கத்துப் பாறையில் வைத்தால் அதன் ஓடு அங்கே பொருந்தாது, வெயிலில் காய்ந்து சாகலாம்.

கல்லைப் புரட்டினாத்தானே அடியில இருக்கிறது தெரியும்?

தெரியும். ஆனால் கல்லின் அடியில் இருப்பவை இருட்டுக்கும் ஈரத்துக்கும் பழகியவை, மேலே இருக்கும் பாசி வெளிச்சத்துக்குப் பழகியது. புரட்டி அப்படியே போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் செத்துவிடும். ஒரு குடும்பம் ஒரு காலையில் முப்பது கல்லைப் புரட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். மனசு தாங்கவில்லை. பெரியவர் ஒருவர், ஒரே ஒரு சின்னக் கல்லை, மெதுவாகத் தூக்கி, பார்த்துவிட்டு, அதே பக்கம் கீழே இருக்கும்படி அதே இடத்தில் வைப்பதென்றால் சரி.

சங்கு, சிப்பி பொறுக்கலாமா? கடையிலயே விக்கிறாங்களே?

முதல் வருடம் என் மூத்த மகள் ஒரு அழகான சங்கைப் பொறுக்கிப் பையில் வைத்துக்கொண்டாள். நானும் காலிச் சங்கு என்றுதான் நினைத்தேன். மறுநாள் பை நாறியது. உள்ளே துறவி நண்டு செத்துக்கிடந்தது. அவள் அழுததை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் எதையும் எடுத்துவருவதில்லை. காலியாகவே இருந்தாலும் அது அடுத்த நண்டுக்கு வீடு. சங்கு கிடைக்காமல் பிளாஸ்டிக் மூடிக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளின் படங்கள் உலகின் பல கரைகளிலிருந்தும் வருகின்றன.

சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம், கடல் குதிரை, கடல் அட்டை, சில வகைச் சங்குகள் எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. கடல் அட்டைக்கு 2001 முதல் தடை. ராமேசுவரம் கரையில் உடைந்து ஒதுங்கிய பவளத் துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. கடையில் விற்பது எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டது என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது, எந்த வகை என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

எதுக்கெல்லாம் பயப்படணும்?

முதலில் அலைக்கும் வழுக்கலுக்கும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். உயிரினங்களில், ஐஸ்கிரீம் கோன் வடிவத்தில், அழகான கோலம் போட்ட கூம்புச் சங்கு இருந்தால் தொடாதீர்கள். அதற்குள் இருக்கும் நத்தை ஊசி மாதிரிப் பல்லால் குத்தும். சில வகைகளின் நஞ்சு மனிதரைக் கொல்லும். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இந்தச் சங்கின் உருவம்தான். அப்புறம் கல் மீன். கல்லோடு கல்லாகக் கிடக்கும், முதுகு முள்ளில் கடும் விஷம். காலில் ஷூ இருக்க வேண்டும், தெரியாத இடுக்கில் கை போகக் கூடாது என்பதெல்லாம் இதற்காகத்தான். கடல் முள்ளெலியின் முள் குத்தினால் உடைந்து உள்ளேயே தங்கும். கரையில் ஒதுங்கிய சொறி, அதாவது ஜெல்லிமீன், செத்திருந்தாலும் அரிக்கும்.

முள் குத்திடுச்சு, இல்ல சொறி பட்டுடுச்சுன்னா என்ன செய்யணும்?

முள்ளெலி, கல் மீன் என்றால், கை பொறுக்கும் சூடான தண்ணீரில், சுமார் 40 முதல் 45 டிகிரி, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். சூட்டைப் பெரியவர் தன் கையில் பார்த்துவிட்டு வையுங்கள், வலியில் குழந்தைக்குச் சூடு தெரியாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை மட்டும் எடுக்கலாம். ஊசியால் தோண்டாதீர்கள். மருத்துவரிடம் காட்டி டெட்டனஸ் ஊசி வேண்டுமா என்று கேளுங்கள்.

சொறி பட்டால் கடல் தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றுவது, மணல் போட்டுத் தேய்ப்பது இரண்டும் இன்னும் நஞ்சை இறக்கிவிடும். கூம்புச் சங்கு குத்தினாலோ, கல் மீன் குத்தினாலோ, எது குத்தியிருந்தாலும் மூச்சு வாங்குவது, மயக்கம், மரத்துப்போவது தெரிந்தாலோ, வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் 108-ஐ அழையுங்கள்.

குட்டையில ஒரு மீன் மாட்டிக்கிச்சு. பிள்ளைங்க கடல்ல விடணும்னு அழறாங்க. விடலாமா?

வேண்டாம், அது மாட்டிக்கொள்ளவில்லை. நம் குட்டைகளில் இருக்கும் உளுவைக்கு ஒரு அமெரிக்க உறவு உண்டு. அதை லெஸ்டர் அரன்சன் என்ற விஞ்ஞானி 1950-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். கடல் இறங்கிய பிறகு அந்த மீன் ஒரு குட்டையிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக் குட்டைக்குக் குறி தவறாமல் தாவியது. கடல் ஏறியிருக்கும்போது பாறைகளுக்கு மேல் நீந்திப் பள்ளம் எங்கே என்று மனதில் பதித்து வைத்துக்கொள்கிறது என்று கண்டார். இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். என் பிள்ளைகள் இதைக் கேட்ட பிறகு அழுவதை விட்டுவிட்டு, எது தாவும் என்று காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

வெயில்ல அந்தக் கொஞ்சத் தண்ணி கொதிக்குமே. அதுங்க சாகாதா?

சில சாகும். பாறைக்குட்டை வசதியான இடம் இல்லை. நண்பகலில் தண்ணீர் சுடும், ஆவியாக ஆவியாக உப்பு ஏறும். மழை பெய்தால் உப்பு சட்டென்று குறையும். பகலில் பாசி பிராணவாயு தரும், இரவில் பாசியும் அதை எடுத்துக்கொள்வதால் குறைந்துபோகும். இத்தனையையும் ஒரே நாளில் தாங்குபவைதான் அங்கே பிழைக்கின்றன. அதனால்தான் நம் கையால் இன்னொரு தொல்லை சேரக் கூடாது என்கிறேன்.

மீனவங்க பாசி எடுக்கிறாங்க, சிப்பி எடுக்கிறாங்க. நாங்க ஒண்ணு எடுத்தா மட்டும் தப்பா?

என் சித்தப்பாவே கேட்டது. குமரிக் கரையில் பாறையில் மூழ்கிச் சிப்பி எடுப்பது பலருக்குச் சோறு. ராமநாதபுரம் பக்கம் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறார்கள். அகர் அகர் எடுப்பது அதிலிருந்துதான். எந்த இடத்தில், எந்த நீரில் இறங்கலாம், எதை விட்டு வைத்தால் மறுபடி முளைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கடல் கெட்டால் முதலில் கெடுவது அவர்கள் பிழைப்பு. நாம் எடுப்பது மேசையில் வைத்து மறந்துபோக. அவர்கள் வேலை செய்யும் இடத்தில் வழி விட்டு நில்லுங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். பேச நேரம் இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது.

மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போய்ப் பார்க்க முடியுமா? அங்கதான் நிறைய இருக்காமே.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே இருக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. நினைத்தபடி படகு பிடித்துப் போய் இறங்க முடியாது. வனத்துறை அனுமதிக்கும் இடத்துக்கு, அவர்கள் சொல்லும் முறையில்தான். யாராவது தனியாகக் கூட்டிப்போகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். கடலில் இறங்க முடியாத பாட்டி தாத்தா கூட வந்தால், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் மீன் காட்சியகம் இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள்.

பேர் தெரியாத ஒண்ணைப் பார்த்தோம். யார்கிட்ட கேட்கிறது?

படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போடுங்கள், தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். மும்பையில் 2017-இல் தொடங்கிய மரைன் லைஃப் ஆஃப் மும்பை என்ற குழு, அந்த நெரிசலான நகரத்தின் கரையிலேயே ஆர்வலர்களை அழைத்து நடந்து நூற்றுக்கணக்கான உயிர்களைப் பதிவு செய்திருக்கிறது. படத்தில் இடமும் தேதியும் இருக்கட்டும். பெயர் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. என் மகள்களின் நோட்டில் ‘மஞ்சள் மீசைக்காரன்’ என்று ஒரு இறால் இருக்கிறது, மூன்று வருடமாக அதே பெயர்தான்.

ராத்திரி டார்ச் அடிச்சுப் போனா நிறையத் தெரியுமாமே?

தெரியும். இரவில்தான் நண்டும் கணவாயும் நன்றாக வெளியே வரும். ஆனால் பிள்ளைகளோடு போகாதீர்கள். இருட்டில் பெரிய அலை வருவது தெரியாது, மே மாதம் பற்றி மேலே சொன்னதெல்லாம் இரவில் இரண்டு மடங்கு. அதற்குப் பதில், விடிகிற நேரத்தில் கடல் இறங்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். போன தை அமாவாசைக்கு மறுநாள் அப்படித்தான் போனோம். வெளிச்சம் முழுசாக வருவதற்குள் ஒரு பேய்க்கணவாய் ஒரு குட்டையிலிருந்து வெளியே ஏறி, பாறை மேல் ஈரமாகத் தவழ்ந்து, அடுத்த குட்டைக்குள் இறங்கியது. இறங்கிய இடத்தில் பாறையின் நிறமாகவே மாறிவிட்டது. நாங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம், ஆனாலும் அது எங்கே இருக்கிறது என்று அப்புறம் யாராலும் காட்ட முடியவில்லை.